போன் எழுதும் நாட்குறிப்பு

நேயர்களுக்கு வணக்கம். பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, தண்ணீர் கேன் வந்த நாள் என்று எல்லாவற்றையும் மாதக் காலண்டரில் குறித்து வைப்பவர்கள் நாம். அந்த மாதிரிக் குறிப்புகளைப் போனே தானாக எழுதிக்கொள்ளும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

புதுச்சேரியில் நாட்குறிப்பு என்றாலே ஆனந்தரங்கப் பிள்ளைதான். 1736 முதல் 1761 வரை, கப்பல் வந்தது, பிரெஞ்சு கவர்னர் வீட்டில் பேசியது என்று எழுதித் தள்ளிய மனிதர். அந்தப் பொறுமை நமக்கு ஏது? ஜனவரியில் வாங்கும் டைரி தை பிறப்பதற்குள் நின்றுவிடுகிறது. ஆகவே நேரத்தைப் போன் குறிக்கட்டும் என்கிறேன்.

'இது நடந்தால் அதைச் செய்' என்று போனிடம் ஒருமுறை சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐபோனில் ஷார்ட்கட்ஸ் செயலியில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாஸ்கர், மேக்ரோட்ராய்ட் என்று இதற்கான செயலிகள் இருக்கின்றன. கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். வீட்டு வைஃபை விட்டுப்போனால் 'கிளம்பியாச்சு', ஆபீஸ் வைஃபை கிடைத்தால் 'வந்தாச்சு' என்று நேரத்தோடு போன் குறித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், எந்தக் கிழமையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசலில் மாட்டவில்லை என்பது தெரிந்துவிடும். ஒன்று, கரண்ட் போனாலும் வைஃபை போய்விடும். நீங்கள் வீட்டில் படுத்திருப்பீர்கள், போன் 'கிளம்பியாச்சு' என்று எழுதிவிடும். அதனால் இடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் அம்மாவின் மாத்திரை டப்பா. "ஏம்ப்பா, காலையில பிரஷர் மாத்திரை போட்டேனா?" இந்தக் கேள்வி எந்த வீட்டில் இல்லை? சந்தேகத்தில் இரண்டாவது முறை போட்டுக்கொண்டாலும் ஆபத்து, போடாமல் விட்டாலும் ஆபத்து. என்எஃப்சி ஸ்டிக்கர் என்று, போனை அருகில் வைத்தாலே போன் கண்டுகொள்ளும் சின்ன ஸ்டிக்கர், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் கிடைக்கிறது. பேட்டரியே கிடையாது. அதை டப்பா மூடியில் ஒட்டினேன். பிளாஸ்டிக் டப்பா! எவர்சில்வரில் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது, உலோகம் தடுத்துவிடும். அம்மா போன் லாக்கைத் திறந்து மூடிமேல் வைத்ததும் தேதியும் மணியும் ஒரு கூகுள் ஷீட்டில், அதாவது இணையத்தில் இருக்கும் கணக்குத் தாளில், ஏறிவிடும். "காலை மாத்திரை போட்டாச்சு" என்று போன் தமிழில் வாய்விட்டுச் சொல்லும். மறுபடி வைத்தால், "ஏற்கெனவே போட்டாச்சும்மா." அந்த 'அம்மா'வை நான்தான் சேர்த்தேன். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம், பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஆபீஸிலிருந்தே அந்த ஷீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. போன் குறிப்பது தொட்ட நேரத்தைத்தான், விழுங்கிய நேரத்தை அல்ல. முதலில் மாத்திரை, அப்புறம் போன். இந்த வரிசை பழக்கமாக வேண்டும். மாத்திரை அளவு பற்றிச் சந்தேகம் வந்தால் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மோட்டார் போட்ட நேரம், தூங்கிய நேரம் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இரண்டே விஷயம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு இந்தச் செயலிகளை நிறுத்திவிடும், அமைப்புகளில் விலக்கு கொடுத்து வையுங்கள். நீங்கள் போய் வரும் இடமெல்லாம் போன் எழுதும் அந்தக் குறிப்புகளில் இருக்கும், யாருக்குப் பகிர்ந்திருக்கிறீர்கள் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.