தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுங்கள்

வணக்கம். நாய் வெயிலில் அலைந்துவிட்டு வந்து நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும், யாரும் பதறமாட்டோம். பூனை அப்படி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூனை மூக்கால் மூச்சு விடுகிற பிராணி. அது வாயைத் திறக்கிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணினால் முன்கூட்டியே தெரியும்.

பூனை அசந்து தூங்கும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று எண்ணிவிட்டு அலறியடித்து வருகிறவர்கள் உண்டு. ஏறி இறங்கினால்தான் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குர்ர் குர்ர் என்று சத்தமிடும்போதும், கனவில் மீசை துடிக்கும்போதும் வேண்டாம், கணக்கு தாறுமாறாகும். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை சரி. 30ஐத் தாண்டினால், நன்றாகத் தூங்கவிட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவர். பூனை நலமாக இருக்கும்போதே எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள். வழக்கமாக 18 வருகிற பூனைக்கு நாலைந்து நாளாக 28 என்றால், எல்லைக்குள்தான், ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி. இதய நோயுள்ள பூனைக்கு நுரையீரலில் நீர் கோப்பதைப் பல சமயம் இந்த எண்தான் முதலில் காட்டும்.

எண்ணவே தேவையில்லாத நிலையும் உண்டு. படுக்க முடியாமல் குந்தியிருக்கும், முன்னங்கால் முழங்கைகள் இரண்டும் விலகியிருக்கும், கழுத்து நீளும், வயிறு எக்கி எக்கி அடங்கும். உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும். அப்போது தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். துணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள். மல்லாத்தவே மல்லாத்தாதீர்கள், நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தால் நுரையீரல் விரிய இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். மிரண்டு திமிறினாலே உயிர் போகலாம். மேல்பக்கம் திறக்கும் கூடையில் மெதுவாக இறக்கி, காற்றோட்டமாக வைத்துக் கிளம்புங்கள். கிளம்புமுன் போன் செய்து ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆஸ்துமாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி இருமி, முடி உருண்டை எதுவும் வெளியே வராவிட்டால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்; கொசுவத்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். இன்னொன்று, பாராசிட்டமால். நமக்குப் போடும் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும். தெரியாமல் கொடுத்திருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். வணக்கம்.