கட்டபொம்மன் முதலில் மேடையில்தான் முழங்கினான்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று பல திசைகளிலிருந்தும் வந்து நிறைந்திருக்கும் தமிழ் உறவுகளே, வணக்கம். நடிகர் திலகம் சிவாஜி கணேசனை உருவாக்கியதில் பெரும்பங்கு திரைக்கே என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார். நாடக மேடைக்கே என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

நம் மும்பையில் திரும்பிய பக்கமெல்லாம் சத்ரபதி சிவாஜியின் பெயர். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் அந்த மராட்டிய மன்னனாக நின்றபோது கணேசனுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பார்த்த பெரியார் 'சிவாஜி' என்று பெயர் சூட்டினார். ஒரு படத்திலும் அவர் முகம் காட்டாத காலம் அது!

பராசக்திதானே அவரை ஆளாக்கியது என்றார் எதிரணித் தலைவர். அந்த வாய்ப்பு எங்கிருந்து வந்தது? 'நூர்ஜகான்' நாடகத்தில் பெண் வேடமிட்ட கணேசனைப் பார்த்து வியந்தவர் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள். ஒல்லியாக இருக்கிறார், வேறு ஆளைப் போடலாம் என்று ஸ்டூடியோவில் பேச்சு எழுந்தது. பெருமாள் அசையவில்லை. மேடையில் பார்த்தவருக்குத் தெரியும் அல்லவா? 1952 தீபாவளிக்கு வந்த படத்தைத் தமிழ்நாடே கொண்டாடியது.

அடுத்து, மேடைப் பழக்கத்தால் அவருக்கு மிகை நடிப்பு ஒட்டிக்கொண்டது என்றார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை, நடுவர் அவர்களே. சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பையன் அவர். அங்கே கட் கிடையாது, இன்னொரு டேக் கிடையாது. எதிரில் இருப்பவர் பக்கம் பக்கமாக வசனம் பேசும்போது, வசனமே இல்லாமல், வேடம் கலையாமல் நின்றாக வேண்டும். 1985இல் 'முதல் மரியாதை'யில் அவர் பேசாமல் இருந்தே நம்மைக் கலங்க வைத்தாரே, அந்த மௌனத்துக்குப் பாடசாலை அதுதான்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் கட்டபொம்மனிடம் ஜாக்சன் துரை வரி கேட்கும் காட்சியை வீட்டுக்குப் போனதும் மறுபடி பாருங்கள். நிதானமாகத்தான் தொடங்குகிறார். கேள்விக்குக் கேள்வி குரல் ஏறுகிறது, புருவம் ஏறுகிறது, எழுந்து நிற்கும் உடம்பே பதில் சொல்கிறது. எங்கே மூச்சு வாங்கினார் என்று தேடினாலும் கிடைக்காது. சக்தி கிருஷ்ணசாமியின் அந்த வசனத்தை 1957 முதல் மேடையில் பேசிப் பேசிப் பழுக்க வைத்த குரல் அது. 1959இல் படம் வந்தது, 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. உலகுக்கு எடுத்துச் சென்றது கேமரா, மறுக்கவில்லை. ஆனால் அது எடுத்துச் சென்றது மேடையில் விளைந்ததை!

தாதரில் சிவாஜி மந்திர் நாடக அரங்கம் இருக்கிறது. படத்தில் பேர் வாங்கிய மராத்திக் கலைஞர்களும் நாடகத்துக்குத் திரும்பி வருவதை நாம் பார்க்கிறோம். நம்மவரும் அப்படித்தான். 'வியட்நாம் வீடு' 1970இல் படமானது, 'தங்கப் பதக்கம்' 1974இல். இரண்டையும் அவர் முதலில் நடித்தது மேடையில்.

எதிரணி நண்பர்களுக்கு நேரம் இருக்கிறது. திரைதான் அவரை உருவாக்கியது என்றால், புகழும் பணமும் அங்கேயே கொட்டிக் கிடந்தபோது, இரவில் அரிதாரம் பூசிக்கொண்டு நாடகக் கொட்டகைக்கு அவர் ஏன் போனார்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.