கொல்லைப்புறக் கதவு: வாசனை வழியே பால்யத்துக்கு

[திரையில்: மூடிய கண்ணாடிப் புட்டி. உள்ளே பழுப்பு நிறத் தூள்.]

புட்டியில் இருப்பது சீயக்காய். அதைப் பிறகு திறப்போம்.

"சின்ன வயசுல சந்தோஷமா இருந்த ஒரு நாளைச் சொல்லுங்க." பெரிய இழப்பையோ வன்முறையையோ கடந்து வந்த ஒருவரிடம் இப்படிக் கேட்டால், பல சமயம் வரும் பதில் இதுதான்: "லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம். நல்லா இருக்கும்." சரி, எந்த லீவு? பாட்டி என்ன சமைத்தார்? அதற்கு மேல் ஒன்றும் வராது.

1986-இல் பிரிட்டனில் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் இருவரும் இதைக் கவனித்தார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதோடு ஒட்டிய ஒரு நாளை நினைவுகூரச் சொன்னார்கள். குறிப்பிட்ட நாள் வராமல், பொத்தாம்பொதுவான பதில்களே அதிகம் வந்தன. வியட்நாம் போரிலிருந்து திரும்பி அதிர்ச்சியில் தவித்த வீரர்களிடமும் பின்னாளில் இதையே கண்டார்கள்.

ஏன் இப்படி? நினைவின் நுணுக்கங்களுக்குள் இறங்கினால் கெட்டதும் அங்கேதான் கிடக்கிறது. அதனால் மனசு இறங்கவே மறுக்கிறது என்பது ஒரு விளக்கம். ஓர் அறையில் பாம்பு புகுந்துவிட்டது என்று வீட்டையே பூட்டிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வதைப் போல.

கேள்வி கேட்பது வாசல் கதவைத் தட்டும் வேலை. மூக்கு கொல்லைப்புறமாக வரும்.

[திரையில்: மூளையின் கோட்டுப்படம். மூக்கிலிருந்து ஒரு கோடு நேராக உள்ளே போகிறது.]

பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மூக்குக்கு மேலே இருக்கும் நரம்பு முடிச்சிலிருந்து, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி. நினைவைச் சேமிக்கும் ஹிப்போகேம்பஸும் அடுத்த வீடுதான்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பிடித்தது. சொல்லைக் கொடுத்தால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், முப்பதுக்குள் நடந்தவை நினைவுக்கு வருகின்றன. வாசனையைக் கொடுத்தால் பத்து வயதுக்கு முந்தையவை அதிகம் வருகின்றன. கெட்டது பின்னால் நடந்தது என்றால், அதற்கு முந்தைய காலத்துக்கே மூக்கு கூட்டிப்போகக்கூடும்.

ஆனால் அந்தக் குறுக்குவழியில் கெட்டதும் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கரையில் வளர்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். உப்புக்காற்று அவருக்கு அப்பாவின் வலையும்தான், அந்தக் காலையும்தான். அவரிடம் போய் "கடல் வாசனையில் ஆரம்பிங்க" என்று சொல்வது கொடுமை. கடலோடு ஒட்டாத ஒன்று வேண்டும். அடுப்படியிலோ குளியல் கொட்டகையிலோ தேடலாம்.

[திரையில்: புட்டி திறக்கிறது. ஒரு சிட்டிகைத் தூள், இரண்டு சொட்டு வெந்நீர்.]

பகல் நேரமாக இருக்கட்டும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. முகர்ந்ததும் "என்ன ஞாபகம் வருது?" என்று துருவ வேண்டாம். முதலில் உடம்புதான் பேசும். கண்ணில் நுரை எரிந்தது, பின்னங்கழுத்தில் ஒரு கை அழுத்திப் பிடித்தது, கல்லில் உட்கார்ந்த சூடு. அப்புறம்தான் சின்னக் கேள்விகள்: யாருடைய கை? வளையல் போட்டிருந்ததா? வெளியே யார் குரல்? இப்படித்தான் "பாட்டி வீடு" ஒரு வெள்ளிக்கிழமையாக மாறுகிறது. கிடைத்ததை ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

சீயக்காய் எல்லோருக்கும் பொருந்தாது. தாளித்த பெருங்காயம், புது நோட்டின் வாசனை, சுட்ட பனங்கிழங்கு, பல்லாங்குழிச் சோழியின் வழவழப்பு, சோன்பப்டி வண்டி மணி, எதுவாகவும் இருக்கலாம். மண்வாசனை என்று விற்கும் ஊதுவத்திகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ந்த மண்ணில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் அந்த மணத்துக்கு முக்கியக் காரணம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பால்யமே சந்தோஷமாக இல்லையே என்பவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஒரு தேன் மிட்டாய் போதும். முழுப் பால்யமும் தேவையில்லை.

அழுகை வரலாம். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இப்போது இல்லாமல் இருக்கலாம். அழுகை பரவாயில்லை. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, அந்தச் சம்பவம் இப்போதே நடப்பது போல ஆனால் உடனே மூடிவிடுங்கள். வெறுங்காலைத் தரையில் அழுத்தி, கண் முன்னால் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுங்கள். அந்த வாசனையைத் தனியாக மறுபடி முயல வேண்டாம்.

கெட்ட கனவும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் துரத்தினால் புட்டியை நம்பி இருக்காதீர்கள். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926.

[திரையில்: மூடி இறுகுகிறது. புட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது.]

ஆசையாக இருக்கிறது என்று தினமும் முகர வேண்டாம். பிறகு அது பாட்டியின் சீயக்காயாக இருக்காது, இந்த மாசத்துச் சீயக்காயாகிவிடும். இறுக மூடி எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எடுக்கலாம்.