அப்புச்சியோட தக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. மீன் புடிச்ச ஞாபகத்த வீட்டுலயே எப்படிப் பத்திரப்படுத்தறதுன்னு பேசக் கூப்புட்டாங்க. எனக்கு ஊரு ஈரோட்டுப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கா கரைங்க.

எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, வாய்க்கால்ல தண்ணி நிறுத்துனாப் போதும், பள்ளத்துல தேங்குன தண்ணியில தூண்டிலப் போட்டுட்டு உக்காந்துக்குவாரு. ஒரு மூங்கிக் குச்சி, நரம்பு, மயில் எறகுத் தண்டுல பண்ணுன, தண்ணி மேல மெதக்கற தக்கை, செரட்டையில மண்புழு, அவ்வளவுதானுங்க. தக்கை துடிச்சுத் துடிச்சு நின்னா கெண்டை, ஒரேடியா இழுத்துட்டுப் போனா விராலும்பாரு.

அவரு போனதுக்கப்புறம் குச்சி அவரைப் பந்தலுக்குப் போயிருச்சு, தூண்டில் முள்ளு, ஈயமெல்லாம் பழைய இரும்போட போயிருச்சு, அவரு மீனோட நிக்கற போட்டோ இருந்த என்ற போனும் தண்ணியில விழுந்து ஒண்ணுமில்லாம போச்சு, அன்னைக்கு நான் அழுதுட்டேனுங்க. ஒரு தீப்பெட்டியில அந்தத் தக்கை மட்டும் கெடைச்சுது.

அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, கூடவே எந்த எடம், யாரு கூட, தண்ணி எவ்வளவு, என்ன எரைன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சேன். பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஈரம் பட்டா பரவிரும். என்னையக் கேட்டா சீட்டு இல்லாத தக்கை வெறும் எறகுத் தண்டுதானுங்க. முள்ளு வெக்கறதா இருந்தா தொடைச்சு லேசா எண்ணெய் தடவி, மொனைய ஒரு கார்க்குல குத்தி வெங்க, வீட்டுல கொழந்தைக இருக்குதல்ல.

கட்லா செதிலும் வெக்கலாம். சோப்புத் தண்ணியில கழுவி, பேப்பருக்கு நடுவுல வெச்சு மேல கனமா எதையாச்சும் வெங்க, இல்லைன்னா சுருண்டுக்கும். லென்ஸ்ல பாத்தா கோடு கோடா வளையம் தெரியும், எம்புள்ளைக அதுக்கே சண்டை போடுவாங்க.

ஜப்பான்ல 1800கள்லயே மீன் மேல மை தடவி காகிதத்துல அச்சு எடுத்திருக்காங்க, கியோடாக்குன்னு பேரு. நாங்க கொடிவேரியில வாங்குன ஜிலேபி மீன அப்புச்சியோட பழைய வேட்டித் துணியில ஒத்தி எடுத்தோம். கொழகொழப்ப உப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, ஈரமில்லாம தொடைச்சு, மைய ரொம்ப மெல்லிசாத் தடவோணும், மொத ரெண்டு தடவ எங்களுக்கு வெறும் கருப்புத் திட்டுதான் வந்துச்சு. மூணாவதுல செதில் செதிலா வந்துச்சு பாருங்க, அப்புடியே உசுரோட இருந்துச்சு.

போன பொங்கலுக்கு அம்மா வந்து அந்தப் பாட்டிலத் தொறந்து தக்கையக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தாங்க. தக்கையோட நுனியில சுத்தியிருக்கற செவப்புத் துணியக் காட்டி, "இது என்ற பள்ளிக்கூட ரிப்பனு கண்ணு, தூரத்துல தெரியலீன்னு அப்பா கேட்டாரு, கிழிச்சுக் குடுத்தேன்"னாங்க. இத்தன வருசமா எனக்கு அது தெரியாதுங்க. அன்னைக்கு ராத்திரியே பென்சிலெடுத்து சீட்டுல அதையுஞ் சேத்து எழுதிட்டேன்.