நேற்று கற்றவள் சொல்லட்டும்

(மகளிர் சுயஉதவிக் குழு ஆண்டு விழாவில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தைரியத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தைரியம் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சைக்கிள் பற்றித் தெரியும், அதைச் சொல்கிறேன்.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் பெண்கள் நிறையப் பேர் கிளம்பினோம். வகுப்பு இருட்டிய பிறகுதான். பஸ் இருக்காது. அப்பாவோ வீட்டுக்காரரோ கொண்டுவந்து விட்டால் உண்டு. எழுத்து சொல்லித்தர வந்த இயக்கம் சைக்கிளையும் கையில் எடுத்ததற்கு இது ஒரு காரணம். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தோம். அப்புறம் அதுவே பிடித்துப்போயிற்று. முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் குடத்தைக் கட்டலாம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முதலில் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். பத்து வருஷமாக ஓட்டுகிறவர். “பயப்படாத, நேராப் பிடி, அவ்வளவுதான்” என்பார். நேராகத்தான் பிடித்தேன். நேராகப் போய் வேலிக்கருவைக்குள் விழுந்தேன். மூன்று நாள் இப்படியே. அவருக்கும் அலுத்துவிட்டது.

நாலாம் நாள் மதினி வந்தாள். முந்தின வாரம்தான் கற்றிருந்தாள், முழங்கைக் காயத்தில் பொருக்குகூட இன்னும் உதிரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியரைப் பிடித்தபடி கண்மாய்க்கரையில் பின்னாலேயே ஓடி வந்தாள். “சக்கரத்தப் பாக்காதடி, அந்தப் புளியமரத்தப் பாரு. எந்தப் பக்கம் சாயிறியோ அந்தப் பக்கமே ஹேண்டிலத் திருப்பு.”

விழப்போகிற பக்கமே திருப்புவதா? கேட்க நேரமில்லை, திருப்பினேன். சைக்கிள் நிமிர்ந்துகொண்டது. சாய்கிற பக்கம் திருப்பினால் சக்கரம் நமக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும், விஷயம் அவ்வளவுதான். அண்ணனும் தினம் அதைத்தான் செய்கிறார். செய்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மதினிக்கு மறக்கவில்லை, அவள் விழுந்து ஒரு வாரம்தானே ஆகிறது!

ஆகவே, “நான் இப்பத்தான் கத்துக்கிட்டேன், நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?” என்று இங்கே யாராவது தயங்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போதுதான் கற்றவள் என்பதுதான் உங்களுக்கு உள்ள தகுதியே. இன்னும் பத்து வருஷம் போனால் நீங்களும் “பயப்படாத, நேராப் பிடி” என்றுதான் சொல்வீர்கள்.

இன்னொன்று. மதினி ஏதோ பரோபகாரத்துக்காக எனக்குச் சொல்லித்தரவில்லை. அவள் தனியாக டீக்கடையைக் கடந்தால் பெஞ்சிலிருந்து சீட்டி வந்தது. நானும் அவளுமாகப் போனோம், சீட்டி குறைந்தது. ஒரு மாதத்தில் ஏழு பேர் வரிசையாகப் போனோம், பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவளுக்குத் துணை வேண்டியிருந்தது, அதனால் எங்களை உருவாக்கினாள். இந்தச் சுயநலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் இது இருக்கட்டும்.

சரி, பேச்சு போதும். நம் குழுவில் இருபது பேரில் நாலு பேர்தான் ஸ்கூட்டி ஓட்டுகிறோம். நான் கற்று இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம்கூடப் பால்காரர் வண்டியில் இடித்துவிட்டேன், அவரும் இங்கேதான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பேன். ஹெல்மெட் இரண்டு இருக்கிறது. சேலையோ சுடிதாரோ உங்கள் இஷ்டம், துப்பட்டாவை மட்டும் நன்றாக முடிந்துகொண்டு வாருங்கள்.

முதலில் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.