“ஏன் தம்பி வரலை?”

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் பட்டப்படிப்பை முடிக்கப் பெரிதும் துணை நிற்பது பணமா, மனிதரா? ‘மனிதரே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ரூபாயை எண்ணி எண்ணி மேசையில் வைத்தார். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் 1,000. அப்புறம் பஸ் பாஸ். கேட்கக் கேட்க எனக்கே மறுபடியும் கல்லூரியில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றியது. நல்ல திட்டங்கள்தான், ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பில் ‘முடிக்க’ என்று இருக்கிறது. அண்ணன் ‘சேர’ என்று படித்துவிட்டு வந்திருக்கிறார்.

உயர்கல்விக் கணக்கெடுப்பையும் எடுத்துப் போட்டார். 2021-22-இல் இந்தியா முழுவதும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. உண்மை, கைதட்ட வேண்டிய எண். ஆனால் அது பந்தியில் எத்தனை இலை போட்டோம் என்ற கணக்கு. எத்தனை பேர் மோர் சாதம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அதில் இல்லையே அண்ணே!

படிப்பை யாரும் ஒரே நாளில் விடுவதில்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தமிழ் வழி. இங்கே முதல் செமஸ்டரிலேயே பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. ஒரு பேப்பர் அரியர். சரி, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கிறாள். மார்ச் பிறந்தால் முந்திரிக் காட்டில் வேலை. கொட்டை பொறுக்க வீட்டில் ஆள் வேண்டும். நாலு நாள் என்று போனவள் பன்னிரண்டு நாள் கழித்து வந்தால் நோட்டில் பாதிப் பாடம் இல்லை. கேட்கக் கூச்சம். செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை என்றால் 22 நாள்தான் விடலாம். அதற்கு மேல் போனால் அபராதம், இன்னும் போனால் ஹால் டிக்கெட்டே இல்லை. இந்தக் கணக்கை இருபத்து மூன்றாவது நாளில்தான் அவளுக்குச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அவள் கணக்கில் அந்த மாதத்து ஆயிரம் ஏறியிருக்கும் நடுவர் அவர்களே. அவள்தான் கல்லூரிப் படி ஏறவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பாதியில் நிற்கிற பிள்ளை அழுவதில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு ‘போயிட்டு வரேம்மா’ என்று கிளம்பி, சில்வர் பீச்சில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது முதுநகர் துறைமுகத்தில் அப்பாவின் காலில் ஐஸ் பெட்டி விழுந்தது. அவருக்குப் பதில் நான் ஐஸ் உடைக்கப் போனேன். மூன்று வாரம். அப்பா எழுந்து நடந்த பிறகும் எனக்குக் கல்லூரிக்குப் போகப் பயம். என்ன சொல்லி உள்ளே நுழைவது? பரீட்சைக் கட்டணம் வீட்டில் இருந்தது. அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கு அடியில் அம்மா மடித்து வைத்திருந்தார். எதிரணி நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள், பணம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் துறை அட்டெண்டர் மீன் வாங்க வந்தார். எட்டாவது வரை படித்தவர். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். “ஏன் தம்பி வரலை? நாளைக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள். உன் பேருக்கு நேரா மட்டும் காலியா இருக்கு.” கவலை மீன் வாங்க வந்தவர் என் கவலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவரே என்னைத் துறைத்தலைவர் அறைக்குள் தள்ளிவிட்டார். தலைவர் ஐந்து நிமிடம் திட்டினார். அந்தத் திட்டில்தான் நான் இன்னும் அந்த வகுப்புப் பையன் என்பதே எனக்கு உறைத்தது. திட்டி முடித்து, வருகைக் குறைவுக்கு எழுதித் தரும் படிவத்தை நீட்டினார்.

‘ஒருத்தன் கதை போதுமா?’ என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. அப்படியானால் நியூயார்க் போவோம். அங்கே நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கட்டணத்தில் உதவித்தொகை போக மீதியைக் கொடுத்தார்கள், புத்தகச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள், பஸ், ரயில் பாஸும் கொடுத்தார்கள். பாருங்கள், பணம்தானே என்று அண்ணன் எழுந்துவிட வேண்டாம். திட்டத்தில் ஒழுங்காகக் கலந்துகொண்டால்தான் அந்தப் பாஸ். கலந்துகொள்வது என்றால், தனக்கென்று இருக்கும் ஆலோசகரை விடாமல் போய்ப் பார்ப்பதும் அதில் ஒன்று. ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் மூன்று ஆண்டுக்குள் முடித்தவர்கள் 40 சதவீதம். இல்லாதவர்களில் 22. கொடுக்கிற காசைக்கூட ஒரு மனிதர் முகத்தைப் பார்க்க வைப்பதற்குத் தூண்டிலாகப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். நம் கடலூர்க்காரர்களுக்குத் தூண்டிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரிலும் ஏற்பாடு இருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் என்று பிரித்து, மென்ட்டர் நோட்டு என்று ஒன்று போடுகிறார்கள். நான் பார்த்த ஒரு நோட்டில் மூன்று வருஷத்துச் சந்திப்பும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. ‘மாணவர் நலமாக உள்ளார்’ என்று பத்து இடத்தில். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தின வாரம் என்று நினைக்கிறேன். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அவர் மேல் அத்தனை வேலையை ஏற்றி வைத்திருக்கிறோம். நான் கேட்பது சின்ன விஷயம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைக்கு நாலாவது நாள் ஒரு போன். துறைக்கு ஒருவர், சாயங்காலம் அரை மணி நேரம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி மறுபடி அந்த 1,000 ரூபாயோடுதான் வருவார். அம்மா, உங்களிடம் ஒரே கேள்வி: பணம் ஏறியும் வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு, அந்த ஆயிரத்தில் எந்த நோட்டு நடந்து போய்க் கதவைத் தட்டும்?

நன்றி, வணக்கம்.