மண்டையோட்டின் அளவு எதைச் சொல்லும்?

(திரையில்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் முகப்பு)

வணக்கம். 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், காலிப்பர் என்னும் அளவுக் கவைக்கருவியும் அளவுநாடாவுமாக மதராஸ் மாகாணத்தின் பல பகுதிகளுக்கும் சென்று, மக்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டார். கே. ரங்காச்சாரியின் துணையுடன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த நூலின் ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தபோது, சாதிப் பெயர்களோடு அந்த அளவுகளும் அச்சேறின.

(திரையில்: மண்டையோட்டின் பக்கவாட்டு வரைபடம்)

அளக்கும் முறை எளியது. இரு புருவங்களுக்கும் நடுவே உள்ள மேட்டிலிருந்து பின்தலையின் மிகத் தொலைவான புள்ளி வரை நீளம். பக்கவாட்டில் மிகவும் விரிந்த இடத்தில் அகலம். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் தலைக் குறியீட்டெண் கிடைக்கும். சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1840களில் அறிமுகப்படுத்திய கணக்கு இது. நீளம் 180 மில்லிமீட்டர், அகலம் 126 மில்லிமீட்டர் எனில் விடை 70. வழக்கமான பகுப்பில் 75க்குக் கீழே இருந்தால் நீள்தலை, 80க்கு மேலே இருந்தால் அகன்ற தலை.

இந்த ஒற்றை எண்ணை இனத்தின் முத்திரையாகவும், சிலர் அறிவுத்திறனின் சான்றாகவும் கொண்டது பெரும் தவறு. பச்சிளம் குழந்தையை எந்தப் பக்கமாகக் கிடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பின்தலையின் வடிவம் மாறும் என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிவார்கள். அமெரிக்காவில் குடியேறியோரையும் அவர்களின் பிள்ளைகளையுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்த மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ், அங்கே பிறந்த பிள்ளைகளின் குறியீட்டெண் பெற்றோருடையதிலிருந்து வேறுபடுவதை 1912இல் வெளியிட்டார். ஒரே தலைமுறையில் மாறக்கூடிய அளவை வைத்து நிலையான இனங்களைப் பிரிப்பது எவ்வாறு பொருந்தும்?

(திரையில்: தாமிரபரணிக் கரை)

மண்டையோடு பயனற்ற சான்று என்று இதற்குப் பொருளில்லை. ஆதிச்சநல்லூரில் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி உடற்கூறியலாளர் சாலி சக்கர்மேன் எழுதிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியகமே 1930இல் வெளியிட்டது. வயது, பாலினம், பற்களின் தேய்மானம், நோயின் தடயம் ஆகியவற்றை அறிய இன்றும் மண்டையோடு உதவுகிறது.

கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளின் முப்பரிமாணப் பதிவுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின. முகத்தின் அமைப்புக்கு எலும்பு வழிகாட்டியது. தோல், விழி, முடி ஆகியவற்றின் நிறத்தை எலும்பின் வடிவம் காட்டாததால், இன்றைய தென்னிந்தியர்களின் நிறங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்த முகங்களைக் காட்சிக்கு வைக்கும் இடங்களில் இந்தத் தேர்வையும் படத்துக்கு அருகிலேயே எழுதி வைக்க வேண்டும்.